மலைநாட்டுச் சுண்ணாம்புக் கல்லும் நார்க் களியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாத்தளை, திகன, பலாங்கொடைப் பக்கத்துக் கல்குவாரிகளில் சுண்ணாம்புக் கல்லை உடைக்கும்போது நடுவே வெள்ளையாக நார் நாராக ஏதோ தெரிகிறது. அது களியா, அஸ்பெஸ்டோஸா, விற்றால் காசு வருமா என்று கேட்டுப் படம் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். உயர்தரம் படிக்கிற பிள்ளைகளும் கேட்கிறார்கள். அவர்களுக்குக் காசு முக்கியமில்லை, கனியத்தின் பெயரும் அது உண்டாகும் விதமும் வேண்டும். இரு தரப்புக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: படங்களில் வரும் நார் பெரும்பாலும் நார்க் களி இல்லை. ஏன் இல்லை என்று விளக்கப் போனால் நம் மழையையும் தேயிலை மண்ணையும்கூடத் தொட வேண்டியிருக்கிறது.

நார்க் களி என்றால் என்ன? களி என்றாலே வழவழப்பானது அல்லவா?

நமக்குத் தெரிந்த களிகள் எல்லாம் தகடு வடிவானவை. சட்டி பானைக்கு எடுக்கும் களியிலும், பீங்கானுக்கு எடுக்கும் கயோலினிலும் நுண்ணிய தகடுகள்தான் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். ஈரம் பட்டதும் தகடுகள் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு நகரும். அந்த வழவழப்பு அதனால் வருவது.

நார்க் களிகளில் முக்கியமானவை இரண்டே: பலிகோர்ஸ்கைட், செபியோலைட். வேதியியலில் இவையும் களிக் குடும்பம்தான்; மக்னீசியமும் சிலிக்காவும் நீரும் சேர்ந்தவை. ஆனால் துகள் தகடாக வளராமல் ஊசியாக வளர்கிறது. ஊசியின் நீளம் வழக்கமாகச் சில மைக்ரோமீற்றர், அகலம் பத்துக்கணக்கான நனோமீற்றர். எனவே கையில் எடுத்தால் நார் தெரியாது. சாதாரண வெள்ளைக் களிக்கட்டி மாதிரியேதான் இருக்கும். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்தால்தான் வைக்கோல் போர் தெரியும். கண்ணுக்கு நார் பளிச்சென்று தெரிகிறது என்றால் அங்கேயே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பாறை வெடிப்புகளில் மெதுவாக வளரும் பலிகோர்ஸ்கைட் சில இடங்களில் நார்கள் பின்னிப் பிணைந்து, தோல் துண்டு போல மடங்கக்கூடிய விரிப்பாகக் கிடைக்கிறது. சுண்ணாம்புக் கல் வெடிப்புகளிலும் அப்படிக் கிடைத்திருக்கிறது. கையால் கிழித்தால் கிழியும், ஆனால் இலகுவில் நொறுங்காது.

தகடாக வளர வேண்டியது ஏன் ஊசியாகிறது?

களித் தகடு எதை எடுத்தாலும் அதில் சிலிக்கா நான்முகிகளின் படை ஒன்று இருக்கும்; நான்முகி என்பது ஒரு சிலிக்கனைச் சுற்றி நான்கு ஒட்சிசன் நிற்கும் அலகு. அந்த நான்முகிகளின் நுனி ஒட்சிசன்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்கும். அந்தப் பக்கத்தில் மக்னீசியமோ அலுமினியமோ நடுவில் இருக்க ஆறு ஒட்சிசன் சூழ்ந்த எண்முகிப் படை ஒட்டிக்கொள்ளும். சாதாரணக் களியில் இந்த இரண்டு படைகளும் தடையில்லாமல் நீள்கின்றன.

நார்க் களியில் நுனி ஒட்சிசன்கள் சில வரிசைகளுக்கு ஒருமுறை திசை மாறிக்கொள்கின்றன. கொஞ்ச தூரம் மேலே பார்க்கும், பிறகு கொஞ்ச தூரம் கீழே பார்க்கும். திசை மாறும் இடத்தில் மக்னீசியப் படை அறுந்துவிடுகிறது. ஆகவே அகலமான தகடு உண்டாகாமல் ஒடுக்கமான நாடாக்கள்தான் உண்டாகின்றன. நாடாக்கள் ஓரத்தில் மட்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நீளவாக்கில் வளர்கின்றன. குறுக்கே வெட்டிப் பார்த்தால், ஒன்றுவிட்டு ஒரு கல்லை உருவி எடுத்த செங்கல் சுவர்தான். உருவிய கல்லின் இடமெல்லாம் நாரின் நீளத்துக்கும் ஓடும் சுரங்கக் கால்வாய்.

அந்தக் கால்வாயின் அளவு பலிகோர்ஸ்கைட்டில் ஏறத்தாழ 0.37 × 0.64 நனோமீற்றர். செபியோலைட்டில் நாடா இன்னும் அகலம், கால்வாயும் அகலம்: 0.37 × 1.06 நனோமீற்றர். தண்ணீர் மூலக்கூறு தாராளமாகப் போய் வரும். பெரிய மூலக்கூறுகள் பல வாசலிலேயே நின்றுவிடும். இந்தக் களிகளின் குணங்களில் பாதியாவது இந்தக் கால்வாயிலிருந்து வருவதுதான்.

இது சுண்ணாம்புக் கல்லோடு சேர்ந்து வருவது ஏன்?

மக்னீசியம், சிலிக்கா, காரத்தன்மை, வறட்சி ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கூட வேண்டும். சுண்ணாம்புக் கல் உண்டாகும் சில சூழல்களில் இவை தாமாகவே கூடிவிடுகின்றன.

வெயில் காயும் கடற்கரைக் களப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லீற்றர் கடல் நீரில் மக்னீசியம் சுமார் 1.3 கிராம், கல்சியம் 0.4 கிராம். தண்ணீர் ஆவியாக ஆவியாக முதலில் படிவது கல்சியம்தான். சுண்ணாம்புக் கல்லின் முதன்மைக் கனியமான கல்சைட்டாகவும், பிறகு ஜிப்சமாகவும் அடியில் இறங்கிவிடும். மக்னீசியம் தண்ணீரிலேயே தங்கிச் செறிவாகிக்கொண்டே போகும். கார அமில அளவு (pH) 8 முதல் 9.5 வரை ஏறிய நீரில் சிலிக்காவும் போதுமான அளவு கரைந்திருந்தால், இரண்டும் சேர்ந்து செபியோலைட்டாகப் படிகின்றன. சிலிக்கா டயற்றம் என்ற நுண்பாசிகளின் ஓட்டிலிருந்து வரலாம், எரிமலைச் சாம்பலிலிருந்து வரலாம், கரையிலிருந்து அடித்துவரப்பட்ட பழைய களி கரைந்தும் வரலாம். உப்பு ஏரிகளில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஸ்பெயினில் மட்ரிட் நகரை ஒட்டிய விக்கால்வரோவில் உள்ள பெரிய செபியோலைட் படிவு மயோசீன் காலத்தில், அதாவது ஏறத்தாழ 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, ஏரிப் படுகையில் உண்டானது.

இரண்டாவது வழி மண்ணுக்குள். வறண்ட நாடுகளில் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் படை இறுகிக் கிடக்கும், கல்கிரீட் என்பார்கள். மழை எப்போதாவது பெய்து மண்ணுக்குள் இறங்குகிறது. வேர்களும் வெயிலும் அந்த நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. எஞ்சிய நீரில் கல்சைட் முதலில் படிய, மீதி நீரில் மக்னீசியத்தின் விகிதம் ஏறுகிறது. அப்போது கல்சைட் மணிகளின் மேலும் இடுக்குகளிலும் பலிகோர்ஸ்கைட் நூல் நூலாக முளைக்கிறது. நுணுக்குக்காட்டிப் படத்தில் கல்சைட் பளிங்கின் முகத்திலிருந்து நார்கள் கிளம்பி அடுத்த மணியைத் தொடுவதைப் பார்க்கலாம். கல்சைட் முதலில் வந்தது, நார் பிறகு வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஈரான், அரபுத் தீபகற்பம், ஸ்பெயின் மண்களில் இது சாதாரணம்.

மூன்றாவது, ஏற்கெனவே இருக்கும் ஸ்மெக்டைட் போன்ற தகட்டுக் களி மக்னீசியம் மிகுந்த நீரில் கரைந்து நார்க் களியாக மாறுவது. நான்காவது, வெடிப்புகள் வழியாக ஓடும் வெந்நீரிலிருந்து படிவது. இந்த நான்காவது வழியில் அளவு பெரிதாக இருக்காது.

பலிகோர்ஸ்கைட் வருமா, செபியோலைட் வருமா என்பதை எது தீர்மானிக்கிறது?

அலுமினியம். பக்கத்தில் வேறு களி இருந்து அலுமினியம் கிடைத்தால் பலிகோர்ஸ்கைட். மக்னீசியமும் சிலிக்காவும் மட்டும் என்றால் செபியோலைட்; அதில் 12 சிலிக்கனுக்கு 8 மக்னீசியம் என்ற கணக்கு.

சேர், நம் மலைநாட்டிலும் சுண்ணாம்புக் கல் இருக்கிறது, மக்னீசியமும் இருக்கிறது. அப்படியானால் இங்கும் உண்டாக வேண்டுமே?

நல்ல கேள்வி. இரண்டு காரணங்கள் குறுக்கே நிற்கின்றன. ஒன்று மிகப் பழையது, மற்றது நேற்றும் பெய்தது.

பழையதை முதலில் பார்ப்போம். நாம் சுண்ணாம்புக் கல் என்று சொல்வது, புவிச்சரிதவியல்படி பளிங்குருவாகிய சலவைக்கல். மலைநாட்டின் பெரும்பகுதி ஹைலண்ட் தொகுதி என்ற உருமாறிய பாறைத் தொகுதியில் அடங்குகிறது. அந்தப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், பூமிக்குள் ஆழத்தில் 700 பாகை செல்சியசுக்கு மேல் வெந்தவை. அந்தக் காலத்துக்கு முன்பு இந்தச் சலவைக்கல் கடலடியில் படிந்த சுண்ணாம்பாக இருந்தபோது அதில் களி இருந்திருக்கலாம். ஆனால் நார்க் களி அந்தச் சூட்டைத் தாங்காது. செபியோலைட்டின் கால்வாயில் உள்ள தண்ணீர் 200 பாகைக்குள்ளேயே போய்விடும். 350 பாகையை நெருங்கும்போது கால்வாய் மடங்கி மூடிக்கொள்ளும். 800 பாகை அளவில் கட்டமைப்பே கலைந்து வேறு கனியமாகிவிடும். ஆழத்தில் புதைந்தால் அவ்வளவு சூடுகூட வேண்டாம், மெதுவாக டால்க் கனியமாகிவிடும்.

ஆகவே பழைய களியும் சிலிக்காவும், கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த சுண்ணாம்பாகிய டொலமைட்டோடு வினைபட்டு வேறு உருவில்தான் நம் கல்லில் இருக்கின்றன: பச்சை மஞ்சளாகத் தெரியும் போஸ்டரைட், தேன் நிறத் தகடாகப் பிரியும் புளோகோபைட் மைக்கா, டயோப்சைட், ஸ்பினல். குவாரியில் உடைத்த கல்லை வெயிலில் பிடித்தால் இடையிடையே கறுப்பாக மினுங்கும் சிறு செதில் காரீயம். நீல நிற மணி கிடைத்தால் அது அபடைட்டாகவோ ஸ்பினலாகவோ இருக்கும்.

உலகில் இன்று பெரிய அளவில் வெட்டப்படும் நார்க் களிப் படிவுகளின் வயதைப் பார்த்தாலும் இது விளங்கும். செனகலில் உள்ளது மயோசீனுக்கும் முந்திய இயோசீன், ஏறத்தாழ 5 கோடி ஆண்டு; அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து அட்டாபல்கஸ், ஸ்பெயின், சீனாவின் சூயி எல்லாம் மயோசீன். நம் கல்லோடு ஒப்பிட்டால் கைக்குழந்தைகள்.

சரி, பழையது வெந்துபோனது. இப்போது புதிதாக உண்டாகக் கூடாதா?

அங்கேதான் மழை வருகிறது. பலிகோர்ஸ்கைட் நிலைத்திருக்க மண் வறண்டிருக்க வேண்டும். ஆண்டு மழை 300 மில்லிமீற்றரைத் தாண்டினால் மண்ணில் உள்ள பலிகோர்ஸ்கைட் சிதைந்து ஸ்மெக்டைட்டாக மாறத் தொடங்கும் என்று பக்கே, மில்லோ என்ற ஆய்வாளர்கள் 1972-இல் எழுதிய கணக்கை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அது இறுக்கமான எல்லை இல்லை, மண்ணைப் பொறுத்து முன்பின் ஆகும். ஆனால் நமக்கு அந்த நுணுக்கமே தேவையில்லை. நுவரெலியாவில் ஆண்டுக்குச் சுமார் 1,900 மில்லிமீற்றர். வட்டவளைப் பக்கம் 5,000-ஐத் தாண்டும். ஊவாவின் மழை மறைவுச் சரிவுகளிலும் 1,000-க்குக் குறையாது.

இவ்வளவு மழை இறங்கும் மண்ணில் மக்னீசியம் தங்காது, கழுவிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடும். அதைத் தொடர்ந்து சிலிக்காவும் போகும். கடைசியில் எஞ்சுவது அலுமினியமும் இரும்பும். எனவே நம் தேயிலை மலைகளின் சிவப்பு மண்ணில் கயோலினைட்டும் கிப்சைட்டும்தான் ஆட்சி செய்கின்றன. கிப்சைட் என்பது அலுமினியம் ஐதரொட்சைட்டு, அதில் சிலிக்கா அறவே இல்லை. மழை எந்த அளவுக்கு அலசியிருக்கிறது என்பதற்கு அதுவே அளவுகோல். அத்தோடு தேயிலை மண்ணின் கார அமில அளவு 4.5 முதல் 5.5 வரை. நார்க் களி கேட்பது 8-க்கு மேல். இரண்டுக்கும் ஒத்தே வராது.

அப்படியானால் குவாரியில் நான் எடுத்த வெள்ளை நார் என்ன?

படம் பார்த்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. இருக்கக்கூடியவை இவை.

டிரெமோலைட்: டொலமைட் சலவைக்கல்லில் உருமாற்றத்தின்போது உண்டாவது. நீண்ட வெள்ளைக் கம்பிகளாகவோ விசிறி போல விரிந்தோ இருக்கும். இதன் நுண்ணிய நார் வகை உண்மையான அஸ்பெஸ்டோஸ். ஆகவே நாராகத் தெரிவதைக் கையால் பிசைந்து பார்க்காதீர்கள், ஊதாதீர்கள், நாக்கில் வைக்காதீர்கள். களி நாக்கில் ஒட்டும் என்று படித்துவிட்டு நக்கிப் பார்க்கும் பழக்கம் மாணவர்களிடம் இருக்கிறது. அது வேண்டாம்.

வொலஸ்டனைட்: கல்சியம் சிலிக்கேட். சுண்ணாம்பும் சிலிக்காவும் சூட்டில் சேர்ந்து வருவது. வெள்ளை, பட்டுப்போன்ற பளபளப்பு, நார் நாராகப் பிளக்கும்.

சேர்ப்பென்டைன்: போஸ்டரைட் நீரோடு வினைபட்டு மாறியது. பெரும்பாலும் பச்சை, மெழுகுத்தன்மை. வெடிப்புகளில் நார் வடிவில் வந்தால் அது கிரிசோடைல், அதாவது கூரைத் தகட்டுக்குப் போடும் வெள்ளை அஸ்பெஸ்டோஸ். வலப்பனைப் பக்கம் ரூபஹவில் சேர்ப்பென்டைன் பாறையே வெளித்தெரிகிறது.

நார் போல வளர்ந்த கல்சைட்: வெடிப்புகளில் இது மிகச் சாதாரணம், ஏமாற்றுவதிலும் இதுதான் முதலிடம்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை இரண்டு. முகக்கவசம் போட்டு, துண்டை நனைத்துக்கொண்டு செய்யுங்கள். முதலாவது, நகத்தால் கீறுவது. நகம் ஏறினால் கனியம் மென்மையானது. டிரெமோலைட்டும் வொலஸ்டனைட்டும் திண்மையாக இருந்தால் நகத்துக்கு மசியாது. கல்சைட்டில் நகம் ஏறாது, கத்தி ஏறும். இரண்டாவது, தேசிக்காய்ச் சாறு. கல்சைட்டில் விட்டால் சிறு குமிழி எழும்பும். டொலமைட்டில் விட்டால் சும்மா கிடக்கும். தூளாக்கி விட்டால்கூட மிக மெதுவாகத்தான். சிலிக்கேட் நார்களில் ஒன்றுமே நடக்காது. இந்த இரண்டையும் வைத்துக் கல்சைட்டைப் பிரித்துவிடலாம். அதற்கு மேல் ஆய்வுகூடம்தான்.

ஆய்வுகூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சுண்ணாம்புக் கல்லில் களி நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான் இருக்கும். அப்படியே எக்ஸ் கதிர் இயந்திரத்தில் வைத்தால் கல்சைட்டின் சத்தத்தில் களியின் குரல் கேட்காது. ஆகவே முதலில் சுண்ணாம்பைக் கரைத்து எடுக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஐதரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் கல் ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடும், சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்த அமிலம் நார்க் களியில் உள்ள மக்னீசியத்தையும் உருவிக்கொண்டு போய்விடும். செபியோலைட் இதில் குறிப்பாகப் பலவீனம். தேடிப்போன கனியத்தையே அழித்துவிட்டு, இல்லை என்று அறிக்கை எழுதுவதில் பயனில்லை.

எனவே சோடியம் அசற்றேற்றும் அசற்றிக் அமிலமும் கலந்து, கார அமில அளவை 5-இல் நிறுத்தி வைத்த கரைசலில் கல்லைப் போடுகிறார்கள். குமிழி மெதுவாக வரும். நாள்கணக்கில் கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டொலமைட் கல் என்றால் கொஞ்சம் சூடும் காட்ட வேண்டும், இல்லையென்றால் கரையவே கரையாது. கடைசியில் அடியில் சாம்பல் நிறச் சேறு ஒரு கரண்டி மிஞ்சும். அதை நன்றாக அலசி, நுண்ணிய பகுதியை மட்டும் பிரித்து, கண்ணாடித் தகட்டில் பூசிக் காயவைத்து எக்ஸ் கதிர் காட்டுகிறார்கள்.

எக்ஸ் கதிர்ப் படத்தில் எழும்பும் கோடு, கனியத்தின் அணுப் படைகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் காட்டும்; அளவு அங்ஸ்ட்ரம், அதாவது நனோமீற்றரில் பத்தில் ஒன்று. பலிகோர்ஸ்கைட் என்றால் 10.5 அங்ஸ்ட்ரத்தில் கோடு எழும்பும். செபியோலைட் என்றால் 12.1. மைக்காவின் கோடு 10-இல் இருப்பதால் பலிகோர்ஸ்கைட்டோடு குழப்பிக்கொள்வது எளிது. நம் சலவைக்கல்லில் மைக்காவுக்குப் பஞ்சமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அப்புறம் தகட்டுக்கு எதிலீன் கிளைக்கோல் ஆவி காட்டுவார்கள். ஸ்மெக்டைட் வீங்கி 17-க்குப் போய்விடும், நார்க் களி அசையாது. மிச்சம் இருக்கிற சந்தேகத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டி தீர்த்துவைக்கும்.

தேயிலைக்குப் போடும் டொலமைட்டில் இது கலந்திருக்குமா?

கவ்வாத்து வெட்டும் காலத்தில் மலைக்குப் போடும் டொலமைட், நம் சலவைக்கல்லையே அரைத்தது. சுத்தமான டொலமைட்டில் மக்னீசியம் ஒட்சைட்டு 21.9 சதவீதம் இருக்கும். அந்த மக்னீசியத்துக்காகவும், மண்ணின் புளிப்பைக் குறைப்பதற்காகவும்தான் போடுகிறோம். மேலே சொன்ன காரணங்களால் அதில் நார்க் களியை எதிர்பார்க்க வேண்டாம். எவ்வளவு போடுவது என்பதை மண்ணைச் சோதித்துவிட்டு முடிவு செய்வதே நல்லது, தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டல் அதற்கு இருக்கிறது. தூசு பறக்கும் வேலை என்பதால் கவசம் அவசியம். டொலமைட் மூட்டையைக் கொட்டிக் கையால் தூவும்போது முகத்தில் சேலைத் தலைப்பை மட்டும் சுற்றிக்கொண்டு நிற்கும் பெண்களை இன்னும் பார்க்கத்தான் செய்கிறோம். தோட்டம் கவசம் கொடுக்க வேண்டும்.

நார்க் களி தோட்டத்துக்குள் வர வேறு வழி இருக்கிறது. சில பூச்சி மருந்துக் குருணைகளில் மருந்தை உறிஞ்சி வைத்திருக்கும் மணியே பலிகோர்ஸ்கைட்தான்.

இதன் குணங்களில் அப்படி என்ன விசேஷம்?

மேற்பரப்பு. ஒரு கிராம் செபியோலைட்டின் மேற்பரப்பு ஏறத்தாழ 300 சதுர மீற்றர், பலிகோர்ஸ்கைட்டினது 150 அளவில். தன் எடைக்குச் சமமாகவும் அதற்கு மேலும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ஆனால் வீங்காது, கூழாகாது. பூனைக்குப் போடும் மணலாகவும், கராஜ் தரையில் சிந்திய எண்ணெயை எடுக்கும் தூளாகவும், சமையல் எண்ணெயை வெளுக்கவும் பயன்படுவது இதனால்தான்.

உப்பைப் பொருட்படுத்தாதது அடுத்த குணம். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது ஊற்றும் சேற்றுக்குப் பொதுவாக ஸ்மெக்டைட் நிறைந்த பெண்டோனைட் என்ற களியைப் போடுவார்கள். உப்பு நீர் பட்டால் பெண்டோனைட்டின் தகடுகள் திரண்டு அடியில் போய்விடும். நார்க் களியின் ஊசிகள் ஒன்றில் ஒன்று சிக்கி வலையாக நிற்பவை, மின்னேற்றத்தை நம்பி நிற்பவை அல்ல. ஆகவே கடல் நீரிலும் அதே தடிப்போடு இருக்கும். மாட்டுத் தீவனம், கோழித் தீவனத்தில் கட்டிப்படாமல் இருக்கச் சேர்க்கும் செபியோலைட்டுக்கு ஐரோப்பாவில் ஈ562 என்று இலக்கமே கொடுத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் வயிற்றோட்டத்துக்கும் பலிகோர்ஸ்கைட் மாத்திரை கொடுத்தார்கள்.

எனக்குப் பிடித்தது மாயா நீலம். மெக்சிக்கோவின் யுக்கட்டான் தீபகற்பம் முழுவதும் சுண்ணாம்புக் கல் தரை. அதற்கு இடையில் பலிகோர்ஸ்கைட் படைகள் உண்டு. அங்கே வாழ்ந்த மாயா மக்கள் அந்த வெள்ளைக் களியை எடுத்து அவுரி நீலத்தோடு சேர்த்துச் சூடாக்கி ஒரு நிறம் செய்தார்கள். அவுரிச் சாயம் தனியே இருந்தால் வெயிலில் வெளுக்கும், கடுமையான அமிலம் பட்டால் அழியும். களியோடு சேர்ந்த நீலம் ஆயிரம் ஆண்டு கடந்தும் சுவர்களில் நிற்கிறது, நைத்திரிக் அமிலத்தையும் தாங்குகிறது. அவுரியின் மூலக்கூறு களியின் கால்வாய்க்குள்ளோ வாயிலிலோ மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் இருப்பதுதான் காரணம். எந்த அளவு உள்ளே, எந்த அளவு வாயிலில் என்று இன்னும் வாதாடுகிறார்கள். வான் ஒல்பென் என்ற ஆய்வாளர் 1966-இல் இதே நீலத்தை ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார்.

நார் என்றால் அஸ்பெஸ்டோஸ் மாதிரி நுரையீரலுக்கு ஆபத்தா?

நாரின் நீளத்தைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1997-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், 5 மைக்ரோமீற்றருக்கு மேல் நீளமான பலிகோர்ஸ்கைட் நாரை 2பி வகுப்பில், அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகுப்பில் வைத்தது. அதைவிடக் குட்டையானதும் செபியோலைட்டும் 3 ஆம் வகுப்பு. வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்பது அதன் பொருள். சந்தைக்கு வரும் களிகள் பெரும்பாலும் குட்டை நார். அதற்காகத் தூசியை மூச்சில் இழுக்கலாம் என்று அர்த்தமில்லை. களித் தூசியோடு பளிங்குச் சிலிக்காத் தூசியும் வரும், அது தனியாகவே ஆபத்து.

நம் குவாரிக்காரர்கள் கவலைப்பட வேண்டியது நார்க் களி பற்றி அல்ல, டிரெமோலைட் பற்றி. கல் உடைக்கும் இடத்தில் தண்ணீர் தெளிப்பதற்குச் செலவு அதிகமில்லை.

முல்தானி மிட்டி இதுதானா?

பியூட்டி பார்லரில் பூசுவதா? எண்ணெயை உறிஞ்சும் எந்த மண்ணுக்கும் பொதுவாக வைத்த வியாபாரப் பெயர் அது. சிலவற்றில் பலிகோர்ஸ்கைட் இருக்கும், பலவற்றில் ஸ்மெக்டைட்தான். பக்கெட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சமனலவெவ அணை கசிந்ததற்குச் சுண்ணாம்புக் கல்லில் இருந்த களிதான் காரணம் என்கிறார்களே?

களி இருந்தது அல்ல, குகை இருந்தது. பலாங்கொடைக்குக் கிழக்கே வளவ கங்கையில் கட்டிய அந்த நீர்த்தேக்கத்தின் வலது கரையில் சலவைக்கல் பட்டைகள் கரைந்து பொந்துகளாக இருந்தன. 1992-இல் நீர் நிரப்பியபோது அந்த வழியாகப் பெரிய கசிவு பீறிட்டது. பிறகு நீர்த்தேக்கத்துக்குள் படகிலிருந்து களி கலந்த மண்ணைக் கொட்டி, தண்ணீர் உள்ளே இழுக்கும் வாய்களை அடைக்கப் பார்த்தார்கள். அங்கே களி வந்தது வைத்தியமாக. பொந்துகளில் இயற்கையாகக் கிடக்கும் சிவப்புச் சேறு, கல் கரைந்தபின் மிஞ்சிய மண்; நார்க் களிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இலங்கையில் நார்க் களி தேட வேண்டும் என்றால் எங்கே தொடங்கலாம்?

மலையிறங்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார், புத்தளம் வரை உள்ளது வேகாத சுண்ணாம்புக் கல், மயோசீன் காலக் கடலில் படிந்தது. வயதும் சரி, சூழலும் ஓரளவு சரி. புத்தளம் அருவக்காடு குவாரியில் சிமெந்துக்கு வெட்டும் கல் அந்தப் படைதான். கல்லின் நடுவைவிட, படைகளுக்கு இடையே விரல் தடிப்பில் ஓடும் பச்சை சாம்பல் களி வரிகளையும், மேலே மண்ணும் கல்லும் சந்திக்கும் இடத்தில் உருண்டையாகக் கிடக்கும் சுண்ணாம்புக் கட்டிகளையும் எடுத்துச் சோதிப்பது புத்திசாலித்தனம். யாழ்ப்பாணக் கல் மக்னீசியம் குறைந்த, சுத்தமான கல்சைட் என்பது மட்டும் கொஞ்சம் பாதகம். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர்களுக்கு இது நல்ல வேலை.

கையில் இருக்கும் துண்டை யாரிடம் காட்டுவது? கிடைத்த இடத்தைத் தோண்டி விற்கலாமா?

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறையில் கேட்கலாம், அல்லது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தில் கேட்கலாம். துண்டை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி எடுத்துப் போங்கள். எந்த இடத்தில், கல்லின் நடுவிலா வெடிப்பிலா, எவ்வளவு ஆழத்தில் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அந்தத் தாள் இல்லாத கல்லால் யாருக்கும் பெரிய பயன் இல்லை. விற்பது பற்றி: 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனியங்கள் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் கனியம் அகழ முடியாது. காணி உங்கள் பெயரில் இருந்தாலும் அதுதான் நிலைமை.